மகள் தினமும் மாலையில் போன வீடு

போன வருஷம், ஐப்பசி மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. ஒரே மகள், அப்போது பதினொன்றாம் வகுப்பு.

திடீரென்று அவள் தினமும் வீட்டுக்குத் தாமதமாக வர ஆரம்பித்தாள். கேட்டால் ஸ்பெஷல் கிளாஸ் என்பாள். வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பாள். அது லேசாக அதிர்ந்தால் போதும், தட்டை அப்படியே விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். டிபன் பாக்ஸில் இன்னும் ரெண்டு இட்லி வை என்பாள், ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போனாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். என் பிறந்த தேதிதான் அதற்கு பாஸ்வேர்டு. அதை மாற்றியிருந்தாள்.

எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அவளுடைய டீச்சர் எங்கள் கடைக்குச் சேலை எடுக்க வந்தார். பேச்சுவாக்கில் ஸ்பெஷல் கிளாஸ் பற்றிக் கேட்டேன். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு என்னென்ன சேலை எடுத்துப் போட்டேன் என்பதே ஞாபகம் இல்லை.

கணவரிடம் சொன்னால் அன்றைக்கே படிப்பை நிறுத்திவிடுவார். அதனால் நானே கிளம்பினேன். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். மணி அடித்ததும் வெளியே வந்தவள் பஸ் ஸ்டாப் பக்கம் போகாமல் பிள்ளையார்பாளையம் பக்கம் திரும்பினாள். பின்னாலேயே போனேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு சந்துக்குள் புகுந்து, ஒரு கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது பனியன் போட்ட ஒரு வாலிபன். சந்தின் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான்.

ஓடிப்போய்க் கதவை இடித்தேன். அவன் திறந்ததும் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

தறியைத் தாண்டி ஒரு சின்ன அறை. அங்கே என் மகள் தரையில் உட்கார்ந்து, அவள் வயசுப் பெண் ஒருத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பல நாளாகச் சீப்பே படாத தலை. பக்கத்தில் எங்கள் வீட்டு டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. நான் அப்படி இரைந்துகொண்டு வந்தும் அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பின்னாடியே வந்தியாமா?" என்றாள் என் மகள். அவள் முகத்தில் இருந்த பயம் எனக்குப் புரியவில்லை. கையும் களவுமாக மாட்டிய முகம் இல்லை அது.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்த பிறகுதான் சொன்னாள். "நீ கடையில, பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிடுவேன்னுதாம்மா உங்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

அந்தப் பெண் அவள் கிளாஸ்தான். கதவைத் திறந்தவன் அவளுடைய அண்ணன். கொஞ்ச நாளாக அவள் பள்ளிக்கூடம் வருவதில்லை, சாப்பிடுவதில்லை. அக்கம்பக்கத்தில் மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் என் மகளிடம் மட்டும், "எனக்கு இருக்கவே பிடிக்கலடி" என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் போய் ஒரு வாய் ஊட்டிவிட்டு வருகிறாள் இவள். எந்த நேரத்தில் மெசேஜ் வந்தாலும் எழுந்து பதில் போடுகிறாள்.

"நான் தூங்கிக்கினு இருக்கும்போது அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று கேட்டாள்.

மகளை அழைத்துக்கொண்டு அப்போதே அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு என்மேல் சந்தேகம். "எங்க வீட்டு விஷயம் உனக்கு எதுக்குமா? திருஷ்டி, கோயில்ல மந்திரிச்சிருக்குது, சரியாயிடும். நீ போய் வெளியில சொன்னா நாளைக்கு அவளை யாரு கட்டுவா?" என்று வாசலிலேயே மறித்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன். அதனால் கோபம் வரவில்லை. உங்கள் மகள் சொன்னது இது என்று மெதுவாகச் சொன்னேன். அவர் வாசலை மறித்திருந்த கையை எடுத்துவிட்டார். பின்னால் நின்ற அண்ணன்தான் சொன்னான்: "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

மறுநாள் காலையில் எல்லோருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினார். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டாராம். "அப்படிக் கேட்டா நாமளே புத்தியில ஏத்துற மாதிரி ஆகாதா?" என்று அந்த அம்மா சண்டைக்குப் போனார். "கேக்கறதால அந்த நினைப்பு வராதும்மா. யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்திருக்கா" என்றார் டாக்டர். இது ஒரு நோய், குணமாக்கலாம், ஆனால் இப்போதைக்கு அவளைத் தனியாக விடக் கூடாது என்று சொல்லி, செய்ய வேண்டியதையெல்லாம் விளக்கினார்.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர் சட்டென்று என் மகள் பக்கம் திரும்பினார். "நீ சொன்னதுதான் அவளைக் காப்பாத்தும். சரி, நீ தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

என் மகள் உடைந்து அழுதாள். அந்த வராண்டாவில் அத்தனை பேர் பார்க்க, சின்னக் குழந்தை மாதிரி. எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று அத்தனை நாளும் துருவித் துருவிக் கேட்டவள் நான். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. சத்தியத்தை மீறிவிட்டாள் என்று அந்தப் பெண் ரொம்ப நாள் என் மகளோடு பேசவில்லை. என் மகள் அதற்கும் அழுதாள். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். மாத்திரையும் கவுன்சிலிங்குமாக மெதுவாகத் தேறி, பொங்கல் லீவு முடிந்து அந்தப் பெண் பள்ளிக்கூடம் வந்தாள். முதல் நாள் என் மகளிடம் அவள் கேட்டது, கெமிஸ்ட்ரி எவ்வளவு நடத்தியிருக்கிறார்கள் என்று. அதைச் சொல்லும்போது என் மகள் சிரித்த சிரிப்பை ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்தேன்.

இப்போதும் அவள் போனில் குரலைத் தாழ்த்திப் பேசினால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது; ஆனால், 'யார் அவன்?' என்று கேட்ட மனசு, இவள் எதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாளோ என்றுதான் இப்போது முதலில் கேட்கிறது.