மகள் குரலுக்குக் கட்டிய ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். சத்தம் கேட்கிறதாம், பேச்சுதான் தெளிவாக இல்லையாம். இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில், ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றவர். காதை மூடிக்கொள்ளக் கொடுத்ததை, வியர்க்கிறது என்று கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். அதையும் என்னவோ சாதனை மாதிரி சொல்லுவார்.

அவர் வேலையை விட்டுவிட்டு அறந்தாங்கி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது பேச்சில் பாதிதான் பிடிபட்டது. என் பேச்சுக்குக் குறைவில்லை. முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்திய தொண்டை இது. அதுவும் போக, நான் வாயைத் திறக்கும்போதே திட்டத்தான் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். மகள் பேச்சுதான் கைவிட்டுப் போனது. ஒரே மகள். அயர்லாந்தில் நர்ஸ். டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் பேசிப் பதிவுசெய்து போனுக்கு அனுப்புவாள். சின்ன வயதிலிருந்தே மெல்லிய குரல் அவளுக்கு. இவர் போனைக் காதோடு வைத்து அழுத்துவார், இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றுவார், கடைசியில் என்னிடம் நீட்டுவார்.

“என்னமோ கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. என்ன சொல்றா?”

சளி பிடிச்சிருக்காம், இப்பப் பரவாயில்லையாம் என்று சொல்லுவேன். “அவ்வளவுதானா?” என்று கேட்பார். அவள் மூன்று நிமிடம் பேசியிருப்பாள், நான் ஒரு வரியில் முடித்திருப்பேன். அடுப்பில் வேலை கிடக்கும்போது எவ்வளவுதான் ஒப்பிப்பது?

புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்து ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். அதில் ஒரு கோடு பாதி தூரம் ஒழுங்காக வந்து, பிறகு செங்குத்தாகக் கீழே விழுந்து கிடந்தது. “நரம்பு போயிருச்சும்மா. மெஷின் வச்சா சத்தம் கூடும், வார்த்தை பிரியாது. இனிமே கொறையத்தான் செய்யும்” என்றார் டாக்டர். நான் எதையும் ஒளிக்கவில்லை. வெளியே வந்ததும் அவர் முகத்துக்கு நேராக நின்று அப்படியே சொன்னேன். “அந்தாளுக்கு என்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு டீக்கடையைப் பார்த்து நடந்தார். காதில் வைக்க வாங்கிய மெஷின் ஒரு வாரம் விசில் அடித்தது. அப்புறம் ஃபிரிட்ஜ் மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகுதான் இந்த ஸ்பீக்கர் பைத்தியம். குற்றம் காதில் இல்லை, கருவியில் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். போனில் இருப்பதும் கடையில் விற்பதும் அட்டையைக் காந்தத்தால் ஆட்டுகிற ஸ்பீக்கர்களாம். அட்டை கனம், மெல்லிய குரலுக்கு அது அசையாதாம். எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் என்று வேறு ஒன்று இருக்கிறதாம். அதில் அட்டையும் இல்லை, காந்தமும் இல்லை. ஓட்டை போட்ட இரண்டு தகடுகள், நடுவில் மூச்சுவிட்டாலே ஆடும் அளவுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அந்தத் தாளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்து, தகடுகளில் பாட்டையோ பேச்சையோ அனுப்பினால் தாள் அதிர்ந்து பேசும். யாரோ வெள்ளைக்காரர்கள் வீட்டிலேயே கட்டுகிறார்கள் என்று வீடியோக்களைக் கீழே ஓடும் எழுத்தைப் படித்தே பார்த்துக் கற்றுக்கொண்டார்.

வாசல் அறை பட்டறையாகிவிட்டது. தகட்டுக்கு மூன்று கை பெயின்ட் அடித்தார். தாளைச் சுருக்கமில்லாமல் இழுப்பதற்கு ஒரு பலகையைச் சுற்றி சைக்கிள் டியூப்பை வளைத்து வைத்து, அதன்மேல் தாளை ஒட்டி, பம்பால் காற்றடித்தார். டியூப் உப்ப உப்பத் தாள் விறைத்தது. இரண்டு தடவை கிழிந்தது. மூன்றாவது தடவை நின்றது. தாளில் மின்சாரம் பரவ வேண்டுமாம், பென்சிலில் இருக்கிற கரியைத் தூளாக வாங்கி, பஞ்சால் அதன்மேல் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தார். வோல்ட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? கொசு அடிக்கிற பேட்டை உடைத்தார். என் வீட்டில் இருந்த இரண்டு பேட்டும் போயிற்று. நான் கொசுக்கடியில் கிடக்க, இவர் அதை வைத்து மகள் குரலைக் கேட்கப் போகிறாராம்.

“என்னக்கா, கோழிக்கூண்டா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

“ஆமாடி, ஒரு கெழட்டுச் சேவலுக்கு” என்றேன்.

சிரித்தேனே தவிர, எனக்குப் பயமாக இருந்தது. கட்டி முடியும்வரை அவர் நம்பிக்கொண்டிருக்கலாம். முடிந்துவிட்டால் என்ன செய்வார்? நரம்பு செத்த காதுக்கு எந்தத் தகடு பேசினால் என்ன?

ஒரு புதன்கிழமை காலையில் முடிந்தது. கதவு உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் போனால் கையில் இருக்கிற மயிர் எழுந்து நின்றது. மகள் அனுப்பியிருந்த பேச்சைப் போட்டார்.

ஐயோ, அந்தக் குரலை எப்படிச் சொல்வேன். அவள் எங்கள் வாசல் அறையில் நின்று பேசினாள். பேசுவதற்கு முன்னால் மூச்சை இழுத்தது கேட்டது. உதடு பிரிந்தது கேட்டது. பஸ் கதவு திறந்தது, யாரோ இருமியது, எல்லாம் கேட்டது. “அப்பா, இன்னைக்கு ரசம் வச்சேன், ஒங்களுக்குப் பிடிக்கிற மாதிரி மிளகு தூக்கலா” என்று சொல்லிவிட்டு, நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் போனில் ஒருநாளும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா கேக்குதா?” என்றார்.

“ஒங்களுக்கு?”

மறுபடி போட்டார். தகட்டுக்குப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தார். மறுபடி. சாப்பாட்டு நேரம் வரைக்கும் அதே பேச்சுதான் ஓடியது. சாப்பிட வரவில்லை. மறுநாள் பீரோவைத் திறந்து டாக்டர் கொடுத்த தாளைத் தேடி எடுத்தார். அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவரை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை. காபி கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போய்க் கிடந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து விளக்கேற்றி, எப்போதும் போலக் கரண்டியில் தணல் எடுத்துச் சாம்பிராணி போட்டு எல்லா அறைக்கும் காட்டினேன். வாசல் அறையிலும் காட்டினேன். அந்தக் கூண்டின் சுவிட்சை அவர் அணைப்பதே இல்லை. புகை அறை முழுக்கப் பரவவில்லை, நூல் பிடித்த மாதிரி நேராகத் தகட்டைப் பார்த்துப் போயிற்று. போகிறதே என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கடுகு வெடிப்பது போலச் சடசடவென்று சத்தம். ஓட்டைகளுக்குள் நீலமாகப் பொறி பறந்தது.

அவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். தகட்டைக் கழற்றிப் பார்த்தால், தாள் முழுக்கப் பழுப்பாகப் பிசுக்கு அப்பியிருந்தது. விரலில் தொட்டு மோந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சாம்பிராணியா போட்ட?”

தலையை ஆட்டினேன்.

“தூசியையே இழுக்குற சாமான். புகைய விடுமா?” என்றவர், மெதுவாகக் கேட்டார். “புதன்கெழமையும் போட்டியா?”

புதன்கிழமை யாராவது சாம்பிராணி போடுவார்களா? அது அவருக்கும் தெரியும். ஆனால் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கண்ணைப் பார்த்து இல்லையென்று சொல்ல என்னால் முடியவில்லை.

“போட்டேங்க. கொசுத் தொல்ல தாங்கல, காலைல போட்டேன்” என்றேன்.

“கூறுகெட்டவளே” என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் திட்டினார். என் பிறந்த வீட்டு ஆட்கள் ஒருவர் மிச்சமில்லை. திட்டி முடித்துவிட்டு ஐந்து தோசை சாப்பிட்டார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஊற்றிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தோம். அவர்தான் பேசினார்.

“ஒங்கம்மா பொகையப் போட்டுக் கெடுத்துட்டா, ஆத்தா. இல்லாட்டி அன்னைக்கே ஒம் பேச்சு முழுசும் கேட்டுருப்பேன். புதுத் தாளு வருது. அடுத்த மாசம் பாரு, நீ முணுமுணுத்தாலும் கேட்டுருவேன்.”

அவளுக்கு எல்லாம் தெரியும், முந்தின நாளே சொல்லியிருந்தேன். அழுதுகொண்டே, “வேணாம்ப்பா. மறுபடி மறுபடி கட்டி ஏமாறாதீங்கப்பா. ஒங்களுக்கு இனிமே கேக்காதுப்பா. நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கிறேன், அது போதும்” என்றாள்.

அவர் ஆவலாக என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்றா?”

“சீக்கிரம் கட்டி முடிங்கன்னு சொல்றா” என்றேன்.

நான் சொன்னது அங்கே அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.