தூம்பாவில் ஏற மறுத்த அக்கா

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடக்கத்தன்று நடந்ததை இதில் எழுத வேண்டாம் என்று மூன்று பேர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக நாட்குறிப்பு வைத்திருப்பவன் நான். நடந்ததை, நடந்த வரிசையில் எழுதுவது என் பழக்கம். அக்காவைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டால் அக்காவே ஒப்பமாட்டார்.

அக்கா பிறந்தது விராலிமலைக்கும் இலுப்பூருக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரின் வடக்குத் தெருவில். எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. அப்பா கடலை போட்டார்; மழை பொய்த்த ஆண்டுகளில் கல் உடைக்கப் போனார். அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்து, மணமேல்குடிப் பக்கம் ஒரு கடலோரப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். திருமணமான நான்காம் ஆண்டில் அத்தான் சாலை விபத்தில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. அக்கா எங்கள் ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கி, எங்கள் வீட்டுக்கே வந்து, என்னைப் படிக்கவைத்து, என் திருமணத்தையும் நடத்தினார். அதைப் பற்றி அவர் ஒரு வரிகூடப் பேசியதில்லை.

பணி ஓய்வு பெற்றதும் அப்போதைய பங்குத்தந்தை ஒரு பொறுப்பைக் கொடுத்தார். காலை ஐந்தரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில், அன்றைய நற்செய்தியை வைத்து மூன்று நிமிடச் சிந்தனை. அக்கா கோடு போட்ட நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதினார். பக்கம் முடிந்தால் சிந்தனையும் முடிந்தது. கடைசி வரியில் ஒரு வேலை இருக்கும், மாலைக்குள் செய்து முடிக்கக்கூடியதாக. ‘உங்களோடு பேச்சு நின்றுபோன ஒருவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள்.’ ‘பக்கத்து வரப்பை வெட்டியது நீங்கள் என்றால் நீங்களே போய்க் கட்டுங்கள்.’ கிறிஸ்துவைப் பின்பற்றுவது என்றால் அவர் பின்னால் நடப்பது. நின்ற இடத்தில் நின்று கும்பிடுகிறவர் அவரை வழியனுப்பி வைக்கிறார், அவ்வளவுதான் என்பார்.

ஊரில் அதற்கு வீட்டுப்பாடம் என்று பெயர். டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

“டீச்சர், இன்னைக்கு வீட்டுப்பாடம் ரொம்பக் கஷ்டங்க. நாளைக்கு லீவு விடுங்க.”

“லீவு ஞாயித்துக்கெழமதான். அன்னைக்கு சாமியார் பாடம் எடுப்பாரு. அது லேசா இருக்கும்.”

எங்கள் பங்கில் தூம்பா என்று ஒன்று உண்டு. இறந்தவரின் பெட்டியை உள்ளே வைத்து, நான்கு பேர் தோளில் தூக்கிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் மரக் கூண்டு. பங்குக்கே பொதுவானது என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் தெற்குத் தெருவில் சாவு விழுந்தால் மட்டும் அது பழுதாகிவிடும். அவர்கள் மூங்கில் வெட்டிப் பாடை கட்டிக்கொள்வார்கள். தூம்பா அறையின் சாவி கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலரிடம் இருக்கும். செயலர் நான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் தெற்குத் தெரு லூர்துமேரியின் தாயார் இறந்தார். காலை பத்து மணிக்கு லூர்துமேரி எங்கள் வாசலுக்கு வந்தார்.

“அண்ணே, ஆத்தாவுக்குத் தூம்பா வேணும். நாளைக்குச் சாயங்காலம் எடுக்குறோம்.”

“ஒரு கால் ஆடுதும்மா. ரிப்பேருக்குச் சொல்லியிருக்கு.”

“போன வாரம் ஒங்க தெருவுல போச்சே. அப்ப ஆடலயா?”

பதிவேட்டை எடுத்து ‘தூம்பா பழுது’ என்று எழுதினேன். கூடத்தில் இருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டார்.

மறுநாள் ஐந்தரைக்கு ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது. “சிலுவைக்குத் தோள் கொடுத்த சீமோனிடம், நீ எந்தத் தெரு என்று இயேசு கேட்கவில்லை. நம் கோயிலில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இருப்பது பழுதாகவில்லை. சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இன்றைய வேலை ஒரே ஒருவருக்கு. சாவி வைத்திருப்பவர் மாலைக்குள் கதவைத் திறக்க வேண்டும். அவர் என் தம்பி.”

நான் திறக்கவில்லை. லூர்துமேரியின் தாயார் மூங்கிலில் போனார். அன்று இரவே பேரவை கூடியது. துணைத்தலைவராக இருந்த எங்கள் மாமா சொன்னார்: “மாப்ள, மைக்க வாங்கிருவோம். ஒங்க அக்காவுக்கும் வயசாச்சு, ரெஸ்ட் எடுக்கட்டும்.” ‘உடல்நலம் கருதிப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்’ என்று தீர்மானம் எழுதினேன். அன்று அக்காவுக்குத் தலைவலிகூட இல்லை. இந்த இரண்டு பதிவுகளும் பொய். இரண்டும் என் கையெழுத்து.

அடுத்த நாள் முதல் அக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்று வாசித்தார். முதல் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் கேட்டார்கள். சில நாள் பேருந்து முன்னதாகவே வந்துவிடும். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, “முடிங்க டீச்சர், அப்புறம் எடுக்குறேன்” என்பார். அவர் கிறிஸ்தவர் அல்ல. மழை நாளிலும் அக்கா குடையோடு நின்றார். ஆறு ஆண்டுகள் இது நடந்தது.

ஒரே வீட்டில் இருந்தோம். ஏன் திறக்கவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு நாள் நானே கேட்டேன்.

“எம்மேல கோவமாக்கா?”

“கோவம் என்னடா கோவம். ஒனக்கு ஒரு நாள் பாடம் பாக்கி. எப்ப எழுதுறியோ எழுது.”

பிறகு நுரையீரல் நோய் வந்தது. திருச்சியில் நாற்பது நாள் சிகிச்சை. இனிப் போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் மகள் பேருந்து நிறுத்தத்தில் வாசித்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்க வேண்டாம் என்றார். அதில் இருந்தது இதுதான்: ‘தெற்குத் தெருவும் வடக்குத் தெருவும் சேர்ந்து தூக்குவதானால் என் பெட்டியைத் தூம்பாவில் வையுங்கள். இல்லையென்றால் மூங்கில் போதும்.’ கீழே நடுங்கிய கையெழுத்தைப் போட்டார்.

அடக்கத்தன்று மாமா தூம்பாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தார். நான் அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

“செத்தவங்க எழுதுனதெல்லாம் பாத்தா ஊர்ல பொழைக்க முடியுமா மாப்ள? தெக்குத் தெரு ஆளுங்க பின்னாடி வரட்டும், யாரு வேணாங்குறா. தோளு நம்ம தோளு.”

“அப்ப அக்கா ஏற மாட்டாங்க மாமா.”

“அவங்களாவா ஏறப் போறாங்க? நாமதான தூக்கி வைக்கணும்.”

யாரோ சிரித்தார்கள். நான் கோயிலுக்குப் போய், காலையில் நான் திறந்துவிட்ட அறையிலிருந்து மாமா ஆட்கள் இழுத்து வெளியே வைத்திருந்த தூம்பாவை உள்ளே தள்ளி, அறையைப் பூட்டினேன். அத்தனை ஆண்டுகளில் அந்தச் சாவியை நான் சரியாகப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை.

லூர்துமேரியின் கணவரும் தம்பியும் ஒரு மணி நேரத்தில் பாடை கட்டினார்கள். முன்னால் அவர்கள் இருவர். பின்னால் நானும் என் மருமகனும். வடக்குத் தெருவில் பலர் கோயில் வாசலோடு திரும்பிவிட்டார்கள். பெயர்கள் நாட்குறிப்பில் உள்ளன. இங்கே அச்சிடவில்லை, அவரவருக்குத் தெரியும்.

பக்கத்தில் நடந்துவந்த லூர்துமேரி, “பாத்துண்ணே, காலப் பாத்து வைங்க. தூம்பா தூக்குன தோளு, மூங்கில் பழகல” என்றார். உண்மைதான். இரண்டு வாரம் தோள் கன்றிப்போயிருந்தது.

இந்தத் தவக்காலத்தில் தெற்குத் தெருவில் ஒரு முதியவர் இறந்தார். யாரும் வந்து கேட்பதற்கு முன் நான் கதவைத் திறந்தேன். தூம்பா முதல் முறையாகத் தெற்குத் தெருவுக்குள் போனது. அதன் கால் எதுவும் ஆடவில்லை.

அக்காவை நாற்பது நாள் கவனித்த செவிலியர்களுக்கும், இன்ஜினை அணைத்துக் காத்திருந்த ஓட்டுநருக்கும், பாடை கட்டிய இருவருக்கும், வேலையை விட்டுவிட்டு எங்களோடு மூன்று நாள் இருந்த லூர்துமேரிக்கும், கல்லறைத் தோட்டம் வரை வந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

என்னைச் செயலர் பொறுப்பிலிருந்து நீக்கி, சாவியைத் திருப்பித் தரும்படி பேரவை கடிதம் அனுப்பியிருக்கிறது. புதிய பங்குத்தந்தை அதைக் கையில் கொடுத்து, “எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். பதில் ஒங்க இஷ்டம்” என்றார். என் பதிலை இங்கேயே தருகிறேன். சாவியைத் தர மாட்டேன். அது எங்கள் வீட்டு வாசல் நிலையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். பூட்டை மாற்றுவதாக இருந்தால், மாற்றிய அன்றே சொல்லிவிடுங்கள். மறுநாள் ஐந்தரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் அதை நான் வாசிக்கிறேன்.