அக்காவின் மல்லாட்டை இருமல்

என் அக்காவை அந்த வண்டியில் ஏற்றியது நீதான். அன்றைக்கு அவளுக்குக் கொரோனா இல்லை. அது உனக்கும் தெரியும். தெரிந்தேதான் போன் போட்டாய்.

நேரில் பார்த்தால் உன்னை சார் என்றுதான் கூப்பிடுகிறேன். தெருச் சங்கத்தின் செயலாளர், ஹார்டுவேர் கடை முதலாளி, வயதில் பெரியவர். எழுதும்போது அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. கொண்டுவரவும் எனக்கு இஷ்டமில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அக்கா வீட்டை விட்டுப் போனபோது நோய் இல்லாமல்தான் போனாள் என்று இந்தத் தெரு ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் அவள் பேச்சு வந்தால் "அந்தக் கொரோனா பொம்பள" என்கிறார்கள். அவள் மகள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். விழுப்புரத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். தினமும் அந்தப் பேச்சைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறாள். "நீ ஏன் மாமா வாயே தொறக்கல?" என்று போன வாரம் கேட்டாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வரைக்கும், ஆள் இருந்தால் அதற்கு மேலும் போவேன். அக்கா எனக்கு மூத்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து மகளோடு எனக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில் ஒன்றில் வேலை. வேர்க்கடலை மூட்டையைத் தூக்கி மிஷின் வாயில் கொட்டினால் பருப்பு கீழே விழும், தோலும் மண்ணும் மேலே பறக்கும். சாயங்காலம் வரும்போது புருவம் வரைக்கும் செம்மண் நிறத்தில் இருப்பாள். மூக்கைச் சுற்றிப் பழைய துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். அப்படியும் தூசி உள்ளே போகும். மல்லாட்டை வரத்து ஆரம்பித்தால் அவள் இருமலும் ஆரம்பிக்கும். வரத்து நின்றால் நிற்கும். மில்லில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். இடுப்பில் ஒரு துண்டு வெல்லம் முடிந்து வைத்திருப்பார்கள். இருமல் வந்தால் ஒரு கடி.

தெருவில் அந்த இருமலுக்குப் பெயரே உண்டு, மல்லாட்டை இருமல். உன் கடை வாசலில் அவள் இருமிக்கொண்டு போனால் நீ கல்லாவில் இருந்தபடியே கத்துவாய்.

"இன்னாம்மா, சீசன் ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

"ஆமா சார், இனிமே உங்க வூட்டு நாய் குலைக்கத் தேவையில்ல, நானே திருடன ஓட்டிடுவேன்."

நீ சிரிப்பாய். வருஷா வருஷம் இந்த வேடிக்கை நடக்கும். இதை ஞாபகம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்புறம் கொரோனா வந்தது. ஊரடங்கு போட்டார்கள். என் ஆட்டோ வீட்டு வாசலில் நின்றது. டயர் காற்று இறங்கியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜனங்கள் என்னென்ன செய்தார்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். என் மனைவி கருவேப்பிலையைத் துணி சோப்புத் தண்ணீரில் அலசி, ரசத்தில் நுரை வந்தது. எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை இஸ்திரி போட்டுப் படித்தார். முகக்கவசம் எல்லார் தாடையிலும் தொங்கியது. யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் கொரோனா எச்சரிக்கையின் இருமல் கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டு, இருமல் என்றாலே ஜனங்கள் பின்னால் நகர ஆரம்பித்தார்கள்.

துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று அக்கா சொன்னாள், "நான் கட்டிக்கினு போனப்போ கொள்ளக்காரின்னு சிரிச்சீங்க. இன்னிக்கு ஊரே கொள்ளக்காரன் ஆயிடுச்சு, பாத்தியா?"

நீதான் தெருவுக்குத் தலைவன் ஆனாய். யாரும் உன்னை ஆக்கவில்லை. தெரு முனையில் சவுக்குக் கட்டையைக் குறுக்கே கட்டினாய். டிரம்மில் மஞ்சள் தண்ணீர் வைத்து, உள்ளே வருகிறவன் கால் நனைத்துத்தான் வர வேண்டும் என்றாய். காய்கறி வண்டிக்காரனை விரட்டினாய். விரட்டிவிட்டு உன் வீட்டுக்கு மட்டும் பின்சந்து வழியாகக் காய் வாங்கினாய். நான் என் மாடியில் இருந்து பார்த்தேன். அதை விடு. பயம் எல்லாருக்கும்தான் இருந்தது.

வேப்பிலையில்தான் வந்தது வம்பு.

வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலைக் கொத்து கட்ட வேண்டும் என்று நீ உத்தரவு போட்டாய். தெருவே கட்டியது. நானும் கட்டினேன். அக்கா மட்டும் கட்டவில்லை. எங்கள் பக்கத்தில் அம்மை போட்ட வீட்டு வாசலில்தான் வேப்பிலை சொருகுவார்கள். வீட்டுக்குள் ஆத்தா வந்திருக்கிறாள், வெளியாள் யாரும் வராதே என்று அர்த்தம். உடம்பு தேறித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் எடுப்பார்கள். சும்மா இருக்கிற வீட்டில் கட்டுவதற்கு அக்காவுக்கு மனசு வரவில்லை. நீ நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாய்.

"தெருவே கட்டிக்கினு இருக்குது. நீ மட்டும் பெரிய இவளா?"

"ஆத்தா வராத வூட்ல எதுக்கு சார் வேப்பிலை? கூப்புட்டா நெசமாவே வந்துடப் போறா."

"இது பாதுகாப்பு. உனக்கு இன்னா தெரியும்?"

"எல்லா வூட்லயும் கட்டிட்டீங்கன்னா, நாளைக்கு நெசமா அம்மை போட்ட வூட்ட எப்பிடி சார் கண்டுபுடிப்பீங்க? வூடு வூடா பூந்து சட்டையக் கழட்டிப் பாப்பீங்களா?"

உன்னோடு வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மாடியில் நின்றுகொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன். "பேஜாரு புடிச்ச பொம்பள" என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து உன் கடை வாசலில் அவள் போனால் நீ தலையைத் திருப்பிக்கொண்டாய்.

கொஞ்ச நாளில் மில்லைத் திறக்க விட்டார்கள். வயலில் பிடுங்கிய மல்லாட்டை ஊரடங்கு என்று காத்திருக்குமா? மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அக்கா வேலைக்குப் போனாள். இருமல் வந்தது. காய்ச்சல் கிடையாது. ஒரு குண்டான் கேப்பைக் கூழை ஒரே மூச்சில் குடித்தாள், கருவாட்டு வாசனை வருகிறது என்று என் மனைவியிடம் கேட்டு வாங்கித் தின்றாள். வாசனையும் ருசியும் போகிற நோயில் யார் கருவாடு கேட்பார்கள்?

ஒரு காலையில் அவள் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளை ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. உடம்பு முழுக்க வெள்ளையாக மூடிய இரண்டு பேர் இறங்கினார்கள். தெருவில் ஒருத்தருக்குக் கடுமையான இருமல், வெளியே சுற்றி எல்லாருக்கும் பரப்புகிறார் என்று புகார் வந்திருக்கிறது என்றார்கள்.

"இது மல்லாட்டை இருமல்பா. நான் மில்லுல உடைக்கிறவ. யாரையாவது கேட்டுப் பாருங்க, தெருவுக்கே தெரியும்" என்றாள் அக்கா.

அவர்கள் தெருவைப் பார்த்தார்கள். தெரு முழுக்க மாடியில் நின்றது. பாதிப் பேர் கையில் போன், வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் ஆமாம் என்று சொல்லவில்லை. நான் கத்தினேன். "நீ சொந்தக்காரன், அப்பிடித்தான் சொல்லுவ" என்று ஒரு குரல் வந்தது. அவள் உன்னைத்தான் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க சார், உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள். நீ முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டு, "செக் பண்ணிக்கினு வந்துடும்மா, எல்லாருக்கும் நல்லது" என்றாய்.

போன் போட்டது நீ என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அன்று மத்தியானம் உன் கடைத் திண்டில் உட்கார்ந்துகொண்டு நீயே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாய். "நான்தான் தகவல் குடுத்தேன், நாம முந்திக்கலன்னா தெருவே காலி." அந்த நாலு பேரும் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார்கள்.

விழுப்புரத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் வைத்தார்கள். சளி எடுத்தார்கள், முடிவு உடனே வரவில்லை. நோய் இருக்கிறவர்களும் இருக்கிறதா என்று தெரியாதவர்களும் ஒரே மாடி, ஒரே பாத்ரூம். அக்கா போன் போட்டு வேடிக்கையாகத்தான் பேசினாள். "டேய், இங்க சோறு உன் பொண்டாட்டி சோத்த விட நல்லா கீதுடா. அவகிட்ட சொல்லாத." முதல் முடிவு வந்தபோது சந்தோஷத்தில் கத்தினாள்.

"எனக்கு இல்லயாம்டா! நான்தான் சொன்னேன்ல?"

"அப்ப அனுப்ப வேண்டியதுதான?"

"இன்னொரு தடவ பாத்துட்டுத்தான் அனுப்புவாங்களாம். பக்கத்து பெட்டுல ஒரு அம்மா ராத்திரி பூரா இருமிக்கினு கெடக்குது. அது என் இருமல் மாதிரி இல்லடா. அது வேற."

அதை நான் உன்னிடம் வந்து சொன்னேன். உன் கடை வாசலில் நின்று, "சார், அக்காவுக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றேன். "அதெல்லாம் தப்புத்தப்பா வரும்" என்றாய்.

இரண்டாவது முடிவு வருவதற்குள் அவளுக்குக் காய்ச்சல். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். போனில் பேச்சு குறைந்தது. கடைசியாகப் பேசியபோது, "மூக்குல ஒண்ணுமே வாசன தெரியலடா" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு நோய் என்று ஆனதும் எங்கள் இரண்டு வீட்டு வாசலிலும் அதிகாரிகள் தகரம் அடித்து அடைத்துவிட்டார்கள். தகரத்துக்குள் இருந்தபடியேதான் அவள் செத்த செய்தியைக் கேட்டோம். போக விடவில்லை. விழுப்புரத்திலேயே அடக்கம் பண்ணினார்கள், யாரோ ஒருத்தர் போனுக்கு வீடியோ அனுப்பினார். பாலித்தீனில் சுற்றிய ஒரு உருவம். அவள் மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது அம்மாதான்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் இரண்டாவது அலை வந்தது. உன் வீட்டில் இருமல் கேட்டது. உன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான், அவனுக்கு. யாராவது கேட்டால் சிமெண்ட் தூசி, அலர்ஜி என்று உன் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவும் தலையாட்டியது. சிமெண்ட் தூசிக்கு வருகிற இருமலை நம்புகிறார்கள், மல்லாட்டைத் தூசிக்கு வருவதை நம்பவில்லை. அப்புறம் உனக்கும் வந்தது. வெயில் கொளுத்துகிற நேரம், தெருவில் ஆள் இல்லாததைப் பார்த்து என் வீட்டுக் கதவைத் தட்டினாய்.

"தம்பி, மூச்சு வாங்குது. ஆம்புலன்ஸ் வந்தா தெரு ஒரு மாதிரி பேசும். உன் ஆட்டோவுல ஜல்தியா புதுச்சேரில உட்டுடு. யாருக்கும் தெரிய வேணாம்."

நான் விட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. அந்த வெள்ளை வண்டி ஒரு ஆளை எங்கே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும், அதனால். கிளியனூர் தாண்டும் வரைக்கும் காத்திருந்தேன், அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாய் என்று. கண்ணாடியில் உன் முகம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. "ஆட்டோதான் நல்லது, காத்து வருது" என்றாய். அவ்வளவுதான். நீ பிழைத்து வந்தாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் வீட்டு வாசலில் யாரும் தகரம் அடிக்கவில்லை.

இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், டிவியில் மறுபடியும் ஏதோ காய்ச்சல், ஏதோ வைரஸ் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நீயும் ஆரம்பித்துவிட்டாய். சங்கத்தின் வாட்ஸ்அப்பில் உத்தரவு மேல் உத்தரவு. யாராவது இருமினால் உடனே சங்கத்துக்குத் தகவல் சொல்லவும் என்று போட்டிருக்கிறாய். மில்லில் இப்போது வரத்து நேரம். அங்கே வேலை செய்கிற பெண்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். எல்லாரும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஒருத்தி தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமுகிறாள்.

இதோடு விட்டாயா? தெரு முனையில் பேனர் வைத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சங்க ஆண்டு விழாவாம், உனக்குப் பாராட்டாம். "கொரோனா காலத்தில் நம் தெருவில் ஓர் உயிர்கூடப் போகாமல் காத்தவர்" என்று உன் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. என் அக்கா விழுப்புரத்தில் செத்ததால் உன் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. அவள் மகள் அந்தப் பேனருக்குக் கீழே நின்றுதான் நேற்று ஆட்டோ பிடித்தாள். என்னுடைய ஆட்டோ.

விழாவுக்கு நாங்கள் வருகிறோம். நானும் அவளும் முன்னால்தான் உட்காருவோம். உனக்குச் சால்வை போடுவதற்கு முன்னால் நான் எழுந்து கேட்பேன். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாதே, வீட்டுக்கு ஆள் அனுப்பாதே. நான் கேட்கப் போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யோசித்துக்கொண்டு வா. அவளுடைய இருமல் என்ன இருமல் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தும் வண்டியை ஏன் கூப்பிட்டாய்? மில்லுக்குப் போகிற பெண்களும், மாடியில் நின்று வீடியோ எடுத்தவர்களும், அவள் மகளும் கேட்கிற மாதிரி, எல்லார் எதிரிலும் எழுந்து நின்று பதில் சொல்.