கொக்கி மாட்டாத தலைக்குக் குதிரை கிடையாது

குதிரைச் சவாரி கத்துக்கொடுக்கிற இடத்துல குதிரையைப் பார்க்க ஆயிரம் பேர் இருப்பாங்க. தலையைப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. திருச்சி கே.கே. நகர் தாண்டி, கருவேலங்காட்டு ஓரமா இருக்கிற எங்க சவாரிப் பள்ளியில தலையைப் பார்க்கிற ஆள் நான்தான். பேர் ஸ்டெல்லா. ரசீது போடவும் போன் எடுக்கவும்தான் என்னை வேலைக்கு வெச்சாங்க. வந்த முதல் வாரம் ஹெல்மெட் எல்லாம் ஒரு சாக்குல கிடக்கிறதைப் பார்த்தேன். ஆமாங்க, சாக்குதான். காந்தி மார்க்கெட் வெங்காயம் மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. கைக்கு எது வந்துச்சோ அது தலைக்கு. அன்னிக்கே சண்டை போட்டு ஒரு அலமாரி வாங்கினேன், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் ஒட்டினேன், சாவியை இடுப்புல செருகிக்கிட்டேன்.

கவுண்டருக்குப் பின்னாடி நிக்கிற பிழைப்பு உங்களுக்கும் இருந்தா நான் சொல்றது புரியும். நல்லதுக்குத்தான் சொல்லுவோம், திட்டு மட்டும் நமக்கு வரும். அதுக்காக வாயை மூடிக்க முடியுமா? நான் மூடினதில்லைங்க. அதுல எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டுன்னே வெச்சுக்கோங்க.

வளர்ற புள்ள

லால்குடிப் பக்கம் நெல்லு விவசாயம் பார்க்கிற முருகேசன், பையனைக் கூட்டிக்கிட்டு வந்தார். சொந்தமா ஒரு ஹெல்மெட் வாங்கிடணும்னு ஆசை. நான் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ரெண்டு விரல் மேல வெச்சு, பின்மண்டை மேடு வரைக்கும் சுத்தி அளந்து ஒரு சைஸ் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அதுக்கு ரெண்டு சைஸ் மேல குடுங்கம்மா. வளர்ற புள்ள. உள்ள கொஞ்சம் துணி வெச்சு அடைச்சுக்கலாம். மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல." ஸ்கூல் யூனிஃபார்மை முட்டிக்குக் கீழ எடுத்து ஓரம் மடிச்சுத் தைக்கிறோமே, அதே கணக்கு. திருச்சி ஜில்லாவுல பாதி அப்பா அம்மா இதையே கேப்பாங்க.

நான் எதிர்த்துப் பேசலை. அவர் கேட்ட சைஸையே பையன் தலையில வெச்சு, "தம்பி, இல்லைன்னு சொல்ற மாதிரி தலையை ஆட்டு"ன்னேன். தலை ஒரு பக்கம் போச்சு, ஹெல்மெட் ஒரு பக்கம் நின்னுச்சு. குனியச் சொன்னேன், ஹெல்மெட் இறங்கிக் கண்ணை மறைச்சுது. அப்புறம் சரியான சைஸ் வெச்சேன். அதைப் பிடிச்சு அசைச்சா நெத்தித் தோலும் கூடவே அசைஞ்சுது. தாடைக்குக் கீழ பட்டையை ஒரு விரல் நுழையற அளவுக்கு இறுக்கி, கொக்கியை மாட்டிவிட்டேன். முருகேசன் சிரிச்சுட்டார். "வைக்கோல் பாரத்துல கயிறு தொளதொளன்னு இருந்தா வண்டி குடை சாஞ்சிடும்னு எனக்குத் தெரியாதா? புள்ள தலைன்னதும் பாருங்க, சட்டை எடுக்கிற புத்தி வந்துருச்சு!"

கையில பூவோட ஒரு மணி நேரம்

ஸ்ரீரங்கத்துல ஒரு சின்னப் பெருமாள் கோயில்ல ஆராதனம் பண்றவர் வரதன் பட்டர். ஒரு சனிக்கிழமை காலையில பொண்ணு ரங்கநாயகியைக் கூட்டிக்கிட்டு வந்தார். பதினோரு வயசு. முந்தின நாள் வெள்ளிக்கிழமை தலைக்கு வெச்ச எண்ணெய் இன்னும் பளபளன்னு இருந்துச்சு. உச்சியில கொண்டை, கொண்டையைச் சுத்தி மல்லி. ஹெல்மெட்டை வெச்சுப் பார்த்தேன். தலையில உக்காரலை, கொண்டை மேல உக்காந்துச்சு. "சாமி, கொண்டையைப் பிரிச்சுக் கழுத்தோரமாத் தாழப் பின்னணும். பூவை எடுக்கணும். அடுத்த வாரத்துல இருந்து எண்ணெய் இல்லாம சீயக்காய் போட்டு அலசிட்டு வரணும், இல்லாட்டி வழுக்கும்"னேன். அவருக்கு முகம் சுருங்கிப் போச்சு. "கோயில்ல தாயாருக்குச் சாத்தின பூம்மா, கீழே வைக்கப்படாது"ன்னார். "அப்ப நீங்க கையில வெச்சுக்கிட்டு நில்லுங்க"ன்னு சொல்லிட்டேன். மனுஷர் முழு கிளாசும் அந்தப் பூவை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வேலியோரம் நின்னார்.

போகும்போது என்கிட்ட ஒரு கண்டிஷன் சொன்னார். "இவ தலையில ஒரு கீறல் பட்டாலும் அன்னியோட நிறுத்திடுவேன். இவளுக்கு ஆசை பெரிசு, எனக்கு பயம் பெரிசு." அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்தேன். குதிரை ஏறி வந்த சந்தோஷம் அப்படியே வத்திப்போச்சு. இந்தப் புள்ளைக்காகவாவது நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கணும்னு அப்பவே தீர்மானம் பண்ணிட்டேன். இவ்வளவு பயத்தோட எதுக்குச் சேர்த்தீங்கன்னு கேட்டேன். பட்டர் பூவைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "பெருமாள் தங்கக் குதிரையில எழுந்தருளின அன்னிக்குக் கேட்டாளே, 'அவர் ஏறலாம், நான் ஏறப்படாதா'ன்னு. நாப்பது வருஷமா ஆராதனம் பண்றேன், எனக்குப் பதில் தெரியலை."

பெட்ரோல் குளியல்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எனக்கு லீவு. மறுநாள் காலையில வந்தா, அலமாரி சாவிக்கு ஓனர் சார் டூப்ளிகேட் போட்டிருக்கார்! பதினாலு ஹெல்மெட்டும் வெயில்ல வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். சந்தனம் பரவாயில்லைங்க, துடைச்சா போயிடும். ஆனா ஏன் இப்படி மின்னுதுன்னு மோந்து பார்த்தேன். வண்டி பார்ட்ஸைத் துடைக்கிற மாதிரி பெட்ரோல் போட்டுத் துடைச்சிருக்காங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பெட்ரோலும் தின்னரும் ஹெல்மெட்டோட வெளி ஓட்டையும் உள்ள இருக்கிற தெர்மோகோல் மாதிரி மெத்தையையும் அரிச்சிடும். வெளியில பார்த்தா புதுசு, உள்ள செத்தது. வெயில் அதுக்கு மேல. நான் எப்பவும் உள்துணியை மட்டும் கழட்டி, பச்சைத் தண்ணியில லேசா சோப்பு போட்டு அலசி, நிழல்ல காயப்போடுவேன். ஓட்டுக்கு ஈரத்துணி போதும்.

பதினாலையும் கழிச்சுக் கட்டணும்னு சொன்னேன். "பூஜை போட்ட பொருளைத் தூக்கிப் போடச் சொல்றியே, விளங்குமா?"ன்னு சார் குதிச்சார். "அப்ப ரசீதுல என் பேர்ல கையெழுத்து வாங்காதீங்க, நான் இதை ஒரு தலையிலயும் மாட்ட மாட்டேன்"னு நாற்காலியில போய் உக்காந்துட்டேன். மூணு நாள் கிளாஸ் நடக்கலை. நாலாவது நாள் புதுப் பெட்டி வந்து இறங்குச்சு. அதுல நம்பர் ஆறு ரங்கநாயகிக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்திச்சு. "இந்த ஸ்கூலுக்கு ஓனர் நானா, ஸ்டெல்லாவா?"ன்னு சார் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கத்தினார். குதிரைக்குச் சேணம் கட்டிக்கிட்டிருந்த சலீம் பாய் திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னார்: "கழுத்துக்குக் கீழ நீங்க சார், கழுத்துக்கு மேல அவங்க."

மயில்

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை. கோயில்ல திருமஞ்சனம்னு பட்டர் பொண்ணை விட்டுட்டுப் போயிட்டார். கருவேலங்காட்டுல இருந்து ஒரு மயில் படபடன்னு குதிரைக்கு முன்னாடி பறந்துச்சு. குதிரை ஒரே தாவலா ஒதுங்கிச்சு. ரங்கநாயகி பின்பக்கமா விழுந்தா. விழுந்தது மண்ணுல இல்லைங்க, வேலிக் கல்தூண்ல. 'டொக்'னு கேட்ட அந்தச் சத்தம் கவுண்டர் வரைக்கும் வந்துச்சு. மாதாவேன்னு ஓடினேன். புள்ள கண்ணைத் திறந்து, "மிஸ், குதிரைக்கு அடிபட்டுடுத்தா?"ன்னு கேட்டா. நான் அழுதுட்டேன்.

எழுந்து நடந்தாலும் நான் விடலை. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், ஹெல்மெட்டையும் எடுத்துக்கிட்டேன். ஸ்கேன் எடுத்தாங்க. பட்டர் ஈர வேஷ்டியோட ஓடி வந்தார், என்னை ஏறெடுத்துப் பார்க்கலை. அவர் போட்ட கண்டிஷன் எனக்கு ஞாபகம் இருந்துச்சு. பொண்ணுக்கும் இருந்திருக்கும், அப்பா கையைப் பிடிச்சவ விடவே இல்லை. டாக்டர் வெளியே வந்து ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை யார் மாட்டிவிட்டது?"ன்னார். "நான்தாங்க"ன்னேன். அவர் அதை என் கையில குடுத்துட்டுச் சொன்னார்: "தலையில ஒண்ணுமில்ல. இன்னிக்கு நான் பார்க்க வேண்டிய வேலையை நீங்க காலையிலேயே பார்த்துட்டீங்கம்மா."

பின்னம்

அடுத்த சனிக்கிழமை அவங்க வரலை. அதுக்கு அடுத்த சனியும் இல்லை. நம்பர் ஆறை ஒரு சிவப்புக் கயிறு கட்டித் தனியா வெச்சிருந்தேன். ஒரு தடவை அடி வாங்கின ஹெல்மெட் திரும்ப எந்தத் தலைக்கும் போகாது, அது என் சட்டம். மூணாவது சனிக்கிழமை அப்பாவும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணு சாதாரணப் பாவாடை சட்டையில இருந்தா. சவாரிக்கு வரலைன்னு புரிஞ்சுபோச்சு.

"இவளை நிறுத்தறேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்"னு பட்டர் ஆரம்பிச்சார். "அந்த ஹெல்மெட்டை மட்டும் எனக்குக் குடுத்துடுங்கோ. குழந்தை உயிரைக் காப்பாத்தின வஸ்து. ஆத்துப் பூஜை அறையில பெருமாள் பக்கத்துல வெச்சுத் துளசி சாத்தணும். இவ அண்ணா ஸ்கூட்டர் எடுத்துண்டு திருச்சிக்குப் போறச்சே அவன் தலையில வெச்சு அனுப்பலாம். ராசியானது."

எனக்குப் பகீர்னுச்சு. "தாராளமாத் தரேன் சாமி. ஆனா பட்டையை வெட்டிட்டுத்தான் தருவேன்."

"வெட்டறதாவது! காப்பாத்தினதைப் பின்னம் பண்ணுவாளா யாராவது?"

நான் எங்கேயோ சீமையில ஞானஸ்நானம் வாங்கினவ இல்லை, இந்த ஊர் மாதா கோயில்ல வாங்கினவ. கொள்ளிடத் தண்ணி குடிச்சு வளர்ந்தவளுக்கு ஸ்ரீரங்கத்து வழக்கம் தெரியாதா? "சாமி, உடைஞ்சு பின்னமான விக்ரகத்துக்கு ஆராதனம் உண்டா?"ன்னேன்.

"கிடையாது. ஜலத்துல சேர்த்துடுவோம்."

"அப்ப இதைப் பாருங்க." உள்துணியைக் கழட்டி அவர் கையில குடுத்தேன். வெளியே இருந்தது நகக்கீறல் மாதிரி ஒரு கோடுதான். உள்ள, பின்மண்டை உக்கார்ற இடத்துல, அந்த வெள்ளை மெத்தை நசுங்கி, விரல் நீளத்துக்கு வெடிச்சிருந்துச்சு. "அடியை இது வாங்கிக்கிச்சு சாமி. இனிமே வாங்க இதுக்குத் தெம்பு இல்லை. உங்க பையன் தலையில இதை வெச்சா, வெறுந்தலையோட அனுப்பின மாதிரி."

பட்டர் அந்த வெடிப்பை விரலால தடவினார். அதே விரலால பொண்ணோட பின்மண்டையில அதே இடத்தைத் தொட்டார். அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டார். அப்புறம், "காவேரியில விட்டுடவா?"ன்னு கேட்டார். "ஐயோ, வேண்டாம் சாமி! எவனாவது எடுத்துக் காய வெச்சு பைக்குல மாட்டிக்குவான்"னேன். கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கிட்டு, அவரே பட்டையை வெட்டினார்.

ரங்கநாயகி என் மேஜை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு, தரையைப் பார்த்தபடி, "அப்பா, நான் குதிரைகிட்ட மட்டும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துடட்டுமா?"ன்னு கேட்டா. எனக்கு மனசு உடைஞ்சுபோச்சு. பட்டர் வேஷ்டி நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். "ஆத்து மாடிப்படியிலயும் விழலாம் குழந்தை. அங்கே அளவு பார்த்து மாட்டிவிட நீங்க இருக்க மாட்டேளே. டேப்பை எடுங்கோ, ஸ்டெல்லாம்மா."

ஒண்ணுமே ஆகலைன்னு மார்தட்டிக்கிற உத்தியோகம் உலகத்துல இது ஒண்ணுதாங்க, அதனால எனக்குப் பிரமோஷன் குடுக்க யாருக்கும் இதுவரைக்கும் காரணமே கிடைக்கலை.