கயிற்றுக்குக் கீழே ஒரு மூச்சு

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அப்படித்தான். திருப்பூரில் பனியன் தைத்தேன். பிறகு ஏலக்காய்த் தோட்டம், கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டு, ஊட்டியில் கேரட் கழுவும் இடம். ஓர் ஊர் அலுக்க ஆரம்பித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். இடையில் ஒரு கல்யாணம் இருந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்த ஒரு பிள்ளை இருந்தது. பிள்ளை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கல்யாணம் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தாங்கியது.

அப்படிப்பட்டவள் தேவாலாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மூன்று மழைக்காலம் நகராமல் கிடந்தேன். ஊர் பிடித்துப்போய் அல்ல. பஸ் ஏற முடியாமல்.

கூடலூர் போகும் வழியில் ஒரு நாள் பஸ் பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. குலுங்கிய குலுக்கலில் எனக்குச் சேலை நனைந்துவிட்டது. எழுந்தபோது என் இடத்தில் உட்காரக் காத்திருந்த ஆள் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தண்ணீர் பாட்டில் மூடி சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி, மழையில் நின்று முழுசாக நனைந்துகொண்டேன். மழை பெய்கிற ஊரில் இது ஒரு வசதி. அதற்குப் பிறகு தும்மினால், இருமினால், சிரித்தால்கூட அதே கதை. சாயங்காலம் ஆனால் அடியில் ஏதோ இறங்கி வந்து உட்கார்ந்திருப்பதுபோலக் கனக்கும். பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த அக்காவிடம் மட்டும் சொன்னேன். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர். இன்னும் அறையைக் காம்பரா என்றுதான் சொல்வார். நான் சொன்னதைக் கேட்டு அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"படங்க நீ லூசா கட்டுற. கொடியில காயிற துணி மாதிரி ஆடுது. பொறகு இறங்காம என்ன செய்யும்? இறுக்கிக் கட்டு, தன்னால மேல ஏறும்."

படங்கு என்பது கொழுந்து பறிக்கிறவர்கள் சேலைக்கு மேல் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக்கொள்ளும் சாக்கு. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் தார்ப்பாய். செடியின் குச்சியும் ஈரமும் காலில் படாமல் இருக்க அதைக் கயிறு போட்டு வயிற்றில் கட்டுவோம். மறுநாளிலிருந்து அக்காவே எனக்குக் கட்டிவிட்டார். என் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுப்பார்.

"மூச்சு முட்டுதுக்கா."

"முட்டட்டும். மூச்சு மேலதானே இருக்கு. இறங்குறது கீழ."

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் என்னோடு வேலை பார்த்தவள் குன்னூரில் சொந்தமாக மெஸ் திறந்தாள். போனில் கூப்பிட்டாள். "உன் கைப்பக்குவம் எனக்கு வேணும். சமையல்கட்டுக்குப் பின்னால ரூம் இருக்கு. சித்திரை வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆளப் போட்டுருவேன்." ஏறி உட்கார்ந்தால் கூடலூர், நடுவட்டம், பைக்காரா, ஊட்டி, குன்னூர். இருந்திருந்து வந்த அழைப்பு. நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் அளவுக்கு இல்லை என்றார். தேவாலாவில் வாரம் ஒரு நாள், பெண்களுக்கு மட்டும் பார்க்கிற ஒரு பிசியோதெரபிஸ்ட் வருகிறார், கையாலேயே சரிபண்ணப் பார்ப்பார், விடாமல் போ என்று அனுப்பிவிட்டார்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஹீட்டர், ஒரு ஸ்டூல். என் வயதுதான் இருக்கும் அந்தப் பிசியோவுக்கு. மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் பேசுவார். எல்லோரும் சேச்சி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். படுக்கச் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு சேலையைத் தூக்கப்போனேன். அவர் அதை இழுத்துவிட்டுக் கால்மாட்டுக்குப் போனார்.

"தொடட்டே?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. தொடலாமா என்று என்னைத்தான் கேட்கிறார் என்பது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பஸ்ஸில் கேட்டதில்லை, கம்பெனியில் கேட்டதில்லை, தாலி கட்டினவன் கேட்டதில்லை, பிரசவ வார்டிலும் கேட்டதில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். அவர் இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிசையவில்லை, அமுக்கவில்லை. சூடு மட்டும் ஏறியது.

பிறகு இடுப்பெலும்பு, விலா, வயிறு. கை நகரும்போதெல்லாம் அதே கேள்வி. விலாவுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, "மூச்சை என்ட கைக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன். அங்கே போகவில்லை. "பேடிக்க வேண்டா, பதுக்கே" என்றார். பயப்படாதே, மெதுவாக. அவர் அவசரப்படவே இல்லை. வெளியே ஜீப் ஹார்ன் அடிக்கிறது, மழை தகரத்தில் கொட்டுகிறது, அவர் கை மட்டும் எங்கும் போகாமல் என் வயிற்றின் மேல் இருக்கிறது. எப்போது என்று தெரியாது, மூச்சு அந்தக் கைவரை வந்தது. அதுவரை நான் கழுத்தளவில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன் போல.

அடுத்த வாரங்களில், பிள்ளையை எடுத்த ஆபரேஷன் தழும்புக்கு வந்தார். நானே அதைத் தொட்டதில்லை. குளிக்கும்போதுகூட சோப்புத் தண்ணீர் தானாக ஓடிப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். தையல் மெஷினில் நூல் இழுவை கூடிப்போனால் துணி சுருங்கி நிற்கும். பனியன் கம்பெனியில் அதை ரிஜெக்ட் என்று ஓரமாகத் தூக்கிப் போடுவோம். என் வயிறு அப்படித்தான் இருந்தது. சேச்சி அந்தச் சுருக்கத்தை விரல் நுனியால் கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கத்தில் என்று நகர்த்தினார். தழும்பை அங்கே நகர்த்தினால் இங்கே எனக்கு இறுகியிருந்த தாடை தளர்ந்தது. கொட்டாவியாக வந்தது. மாட்டைப்போல வாயைப் பிளந்துகொண்டு கொட்டாவி விட்டேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. பிள்ளை இருந்த இடம் இது என்று மட்டும் நினைத்தேன். அந்த இடம் இன்னும் இருந்தது.

இன்னொரு நாள், கேட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே ஒரு விரலால் பார்த்தார். இடுப்பெலும்புக்கு அடியில் ஜமுக்காளத்தை நாலு பேர் நாலு மூலையில் பிடித்திருப்பதுபோல ஒரு தசை உண்டு என்றார். மூச்சை இழுத்தால் அது இறங்கும், விட்டால் ஏறும். இருமல் வருவதற்கு முன்பே, நாம் சொல்லாமலே, அது மேலே எழும்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"உன்னுடையது உறங்குது. செத்துப்போயில்ல. எழுப்பலாம்."

எனக்குள் இப்படி ஒன்று பிறந்ததிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தது, எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. நான் சுற்றின ஊரெல்லாம் அதன் மேல் உட்கார்ந்துதான் சுற்றியிருக்கிறேன்.

ஆனால் குணமாகவில்லை. கட்டிலில் எல்லாம் சரியாக வரும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கும். வாரத்தின் நடுவில் பழையபடி கனம், பழையபடி ஈரம். சேச்சிக்குப் பிடிபடவில்லை. மலச்சிக்கல் உண்டா, இருமல் உண்டா, மூட்டை எப்படித் தூக்குகிறாய், எப்படி உட்காருகிறாய் என்று எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். என்ன உடுத்துகிறாய் என்றுகூடக் கேட்டார். சேலை என்றேன். படங்கு எனக்கு ஞாபகம் வரவில்லை. எங்கள் யாருக்கும் அது உடுப்பு இல்லை. கத்தரியும் சாக்கும்போல அது வேலைச் சாமான்.

அவர் அதைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை. சேச்சியிடம் போகிற நாளில் நாங்கள் எல்லோரும் பறித்த கொழுந்தை எடை போட்டதும் ஓடிப்போய், வெந்நீர் வைத்துக் குளித்து, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் போவோம். நம்மைத் தொடப்போகிறவருக்கு அழுக்கு உடம்பையா கொடுப்பது?

மாசி கடைசியில் குன்னூரிலிருந்து மறுபடி போன் வந்தது. அந்த வாரம் எடை போடும் இடத்தில் லாரி வர நேரமாகிவிட்டது. குளிக்க நேரமில்லை. அப்படியே கிளம்பினேன்.

"இந்தக் கோலத்திலயா போற?" என்றார் அக்கா. "ஒன்னத் தொட்டுட்டு அந்தம்மா பைக்காரா டேமுலதான் போயி கை கழுவணும்."

ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் இறங்கியபோது சேச்சி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, இடுப்பை. பூட்டிலிருந்து சாவியை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அது எந்தா?"

"படங்கு, சேச்சி."

கிட்டே வந்து, தொடட்டே என்று கேட்டுவிட்டு, கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரலை நுழைக்கப் பார்த்தார். போகவில்லை. சுண்டு விரலும் போகவில்லை.

"தினமும் இங்ஙனயா? காலையிலிருந்து?"

"ஆமா சேச்சி. கீழ இறங்காம இருக்கத்தான் இறுக்கிக் கட்டுறது."

அவர் கதவைத் திறந்து உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் ஒரு நாள் எஸ்டேட்டுக்கு வந்து பார்த்திருக்கணும்" என்றார். பிறகு எழுந்து என்னை நிற்க வைத்தார். என் கையை எடுத்து, சேலைக்கு மேலேயே, கால்களுக்கு நடுவில் அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "இப்ப இருமு."

இருமினேன். உள்ளேயிருந்து ஒரு பந்து என் உள்ளங்கையை இடித்தது. பயந்துபோனேன்.

கொழுந்து மூட்டையை நடுவில் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? பாதி மேலே பிதுங்கும், பாதி கீழே பிதுங்கும். தினமும் மூட்டை கட்டுகிறவள் நான். இதை எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆனாலும் என் வயிற்றைப் பற்றி நான் அப்படி யோசித்ததே இல்லை.

சேச்சி கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. அதை அவரே செய்தார். படங்கு தரையில் விழுந்தது. வயிற்றில் கயிறு பதிந்த இடம் அரித்தது. மூச்சு இறங்கட்டும் என்று காத்திருந்தோம். விலா விரிந்தது, வயிறு விரிந்தது, அதற்கும் கீழே போனது. "இப்ப இருமு."

இருமுவதற்கு ஒரு கணம் முன்னால், நான் எதுவுமே செய்யாமல், என் உள்ளங்கையை விட்டு அது மேலே எழும்பியது.

மறுபடி இருமினேன். மறுபடி எழும்பியது. எனக்குள்ளே இத்தனை நாள் ஒருத்தி இருந்திருக்கிறாள், இருட்டில், என் பாரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளத் தயாராக. நான்தான் தினமும் காலையில் அவள் தலைமேல் மூட்டையை வைத்துக் கட்டியிருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. சும்மா சும்மா இருமிக்கொண்டே நின்றேன். "மதி, மதி, தொண்டை போயிடும்" என்று சேச்சி சிரித்தார். மதி என்றால் போதும். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

படங்கு கட்டாமல் மலையில் இறங்க முடியாது. பனியன் கம்பெனிப் புத்தி அன்றைக்குத்தான் உதவியது. பழைய துப்பட்டாவைக் கிழித்து அகலமாக இரண்டு பட்டி தைத்து, படங்கைத் தோளிலிருந்து தொங்கும்படி செய்துகொண்டேன். இடுப்பில் ஒரு தளர்ந்த நாடா, எலும்புக்கு மேல். மூட்டை தூக்கும்போது மூச்சை அடக்காமல் ஊதிக்கொண்டே தூக்கப் பழகினேன்.

காலையில் பெரட்டுக்கு, ஆள் எடுக்கும் இடத்துக்கு, அப்படிப் போய் நின்றபோது ஒரே சிரிப்பு. "பாப்பா எந்த ஸ்கூலு? பை மட்டும் மாட்டியிருக்கு, டிபன் பாக்ஸ் எங்க?" நான் மூட்டை தூக்கி ஊதினால் பின்னால் நாலு பேர் சேர்ந்து ஊதினார்கள். அக்காதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் அதே அக்கா ஒரு பழைய சேலையை என் மடியில் போட்டார்.

"எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு தச்சுக் குடு."

"ஏன்க்கா, உங்களுக்குமா?"

"எனக்கு என்ன? எனக்கு ஒண்ணுமில்ல. தோளுக்கு இதமா இருக்குமேன்னுதான்." போனவர் திரும்பி நின்று, "பட்டி கொஞ்சம் அகலமா வை" என்றார். சேச்சி எந்தக் கிழமை வருகிறார் என்றும் கேட்டார்.

தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பையைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்குக் கிளம்பினேன். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். முழு கிளாஸ். பஸ் ஏறும் நாளில் டீ குடித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்தபோது குன்னூர் போக ஊட்டிக்கு டிக்கெட் கேட்கத் தைரியம் வரவில்லை. "பைக்காராவுக்கு ஒண்ணு" என்றேன். தாங்காவிட்டால் அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

நடுவட்டம் ஏறும்வரை வளைவுக்கு வளைவு பஸ் என்னைத் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தூக்கலுக்கும் மூச்சை விட்டேன். அடியில் அவள் விழித்திருந்தாள். மேலே போகப் போகக் குளிர்ந்த காற்று மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு. கடைசித் தும்மலில் ஒரு சொட்டு போயிருக்கும். ஒரு சொட்டுதான். காத்திருந்து பார்த்தேன். அதோடு நின்றுவிட்டது.

மரங்களுக்கு நடுவில் பைக்காரா ஏரி தெரிந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "பைக்காரா இறங்குங்க" என்று கண்டக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.

"ஊட்டிக்கு ஒண்ணு குடுங்க."

"ஏனுங்க, இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

"மொதல்ல தெரியாதுங்க" என்றேன்.