ஹாரன் அடிக்கக் கூடாது

பதினாறு வருஷம் இன்ஜின் சூட்டில் தொடை வெந்தவனுக்கு ஒரு தனி அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்தால் சந்தோஷப்படத்தான் வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு முதுகு வலிதான் வந்தது. திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது பஸ், ஒன்பது டிரைவர், ஒன்பது ஆயா. இந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பாளன் என்று என் பெயரை அறை வாசலில் எழுதி ஒட்டினார்கள். அதற்கு முந்தின மாதம் வரைக்கும் அந்த ஒன்பது டிரைவர்களில் நான் ஒருவன். காசிமேட்டு ரூட்டு என்னுடையது.

நானாக இறங்கவில்லை, கண் இறக்கிவிட்டது. மே மாதம் வந்தால் பள்ளி வண்டிகளை எல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். அவசர வழி திறக்கிறதா, படிக்கட்டு குழந்தைகளின் காலுக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்திலேயே பந்தல் போட்டு டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும். அந்த வருஷம் டாக்டரம்மா என்னை மட்டும் திரும்பத் திரும்ப உட்காரவைத்தார். நேர்ப் பார்வையில் குறை இல்லை, இடது கண்ணில் ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றார். வண்டியில் குழந்தைகள் ஏறுவது இடது பக்கம். டோல்கேட்டில் அதே இடது பக்கமாக எத்தனை பைக் நுழையும் என்று எனக்குத் தெரியும். அதனால் வாதாடவில்லை, சாவியை நானே கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தாளாளர் நல்ல மனிதர், என்னை வீட்டுக்கு அனுப்பாமல் நாற்காலியில் உட்காரவைத்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற யாராவது என்னிடம் யோசனை கேட்டால், ரூட்டு மேப்பைப் பற்றியோ டீசலைப் பற்றியோ நான் பேசமாட்டேன். அதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். துறைமுகத்தில் எந்த நாள் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும், மழை பெய்தால் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், ராயபுரத்தில் எந்தக் கோயில் கொடியேற்றத்துக்கு எந்தத் தெருவை அடைப்பார்கள், இதெல்லாம் தானாகக் காதில் விழும். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு ஒன்பது வண்டியும் கேட்டைத் தாண்டிப் போய்விடும். அதற்குப் பிறகு வாசலில் டீசல் வாடையும் நீயும்தான் இருப்பீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். நான் கற்றுக்கொள்ளாமல் அந்த நேரத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதினேன்.

காசிமேட்டில் சந்துகளுக்குள் பஸ் நுழையாது. முனையில் நிறுத்தித்தான் குழந்தைகளைக் கூப்பிட வேண்டும். அதற்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு ஹாரன். கருவி எல்லாம் ஒன்றுதான், அடிக்கிற விதம் வேறு. என்னுடையது இரண்டு சின்னது, ஒரு நீளம். அது கேட்டால் அந்தச் சந்தில் வாய் கொப்பளிப்பார்கள், ரிப்பனைக் கட்டி முடிப்பார்கள், அழுகிறதை ஒரு தட்டு தட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். கடிகாரம் பார்க்கிற வீடு அங்கே குறைவு.

பள்ளி திறந்த வாரம் புது அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து புகார் வந்தது. காலங்காலையில் பள்ளி பஸ்கள் ஹாரன் அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். நான் உடனே கம்ப்யூட்டர் பெண்ணை உட்காரவைத்து அடிக்கச் சொன்னேன். "குழந்தைகளை ஏற்றும் இடங்களில் ஹாரன் அடிக்கக் கூடாது. வண்டி வரும் நேரத்தைப் பெற்றோர் செல்போன் செயலியில் பார்த்துக்கொள்ளவும்." கீழே என் கையெழுத்து. பொறுப்பாளன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புகார் ஒரு சாக்கு. என் வண்டிக்கு வந்த புது டிரைவர் நல்ல பையன், வியாசர்பாடிக்காரன், கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. பள்ளி திறந்த முதல் நாள் அவன் கேட்டுக்கு வெளியே போய், என்னுடைய இரண்டு சின்னதையும் ஒரு நீளத்தையும் அடித்துப் பார்த்தான். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் ஹாரனை இன்னொருவன் அடிக்கக் கூடாது என்பதற்காக ஒன்பது வண்டியின் வாயையும் மூடினேன். வேறு எந்த ரூட்டிலும் இதனால் பாதகமில்லை, எல்லோரிடமும் பெரிய போன் இருந்தது. காசிமேட்டிலும் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயின. அதற்கு அடுத்த நாளிலிருந்து ஒரு குழந்தை வரவில்லை.

மூன்று நாள் ஒரு குழந்தை ஏறாவிட்டால் பொறுப்பாளன் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். ஆயாவின் நோட்டைப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. எல்கேஜியிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து வந்தவள். வாய் ஓயாது. நேற்று ராத்திரி வீட்டில் என்ன குழம்பு, யார் யாரை அடித்தார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அவள் அம்மா மீன் ஏலத்தில் வேலை செய்கிறவள், விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போய்விடுவாள். போன் எடுத்தபோது பின்னால் ஏலச் சத்தம்.

"பாப்பா ஏம்மா மூணு நாளா வரல?"

"உங்க பஸ்ஸு வந்தா தானே அவ வருவா?"

"பஸ் டெய்லி வருதும்மா."

"வந்தா ஹாரன் சத்தம் கேக்காதா? யூனிபாரம் போட்டுகினு, பேக்க மாட்டிகினு வூட்ல குந்திகினு கீறா புள்ள. நான் பத்து மணிக்கு வந்து பாத்தா அப்டியே குந்திகினு கீறா. பஸ் வரலம்மான்றா."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருந்தான், கையைப் பிடித்துக்கொண்டு முனைக்குக் கொண்டுவந்து ஏற்றினான். இப்போது அவன் படகில். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைக் கிளப்பிவிட்டு ஆறரைக்கு வண்ணாரப்பேட்டைக்கு வேலைக்குப் போய்விடுவாள். அதிலிருந்து பஸ் வருகிற ஆறு ஐம்பது வரைக்கும் அந்தக் குழந்தைக்குக் கடிகாரம் என் ஹாரன்தான். செயலி அம்மாவிடமும் இல்லை, அவளுடையது பட்டன் போன். தடைக்காலம் எப்போது முடியும், படகு போனால் எந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று பதினாறு வருஷம் தெரிந்து வைத்திருந்தவன் நான். நாற்காலியில் உட்கார்ந்த இரண்டே வாரத்தில் மறந்திருக்கிறேன்.

"இன்னும் ரெண்டு நாள் பாப்பேன்" என்றாள் அம்மா. "இல்லாங்காட்டி என்கூடவே ஏலத்துக்கு இட்டுகினு போறேன். தனியா வுட முடியாது. படிப்பு அப்பறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று துறைமுகத்துக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் திரும்பிப் பள்ளிக்கூட பஸ் ஏறி நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே சுற்றறிக்கையை வாபஸ் வாங்கினேன். புது டிரைவரிடம் போய், "சந்து முனையில அடி. ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம்" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் நான் முன்னாலேயே போய்ச் சந்து முனையில் நின்றேன். பஸ் வந்தது. அவன் அடித்தான். நன்றாகத்தான் அடித்தான்.

சந்துக்குள்ளிருந்து அவள் ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டே, ஒரு கால் ஷூவில் லேஸ் கட்டாமல். படிக்கட்டு வரைக்கும் வந்து டிரைவர் சீட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் ஓரமாக நின்ற என்னைப் பார்த்தாள்.

"நீதான் திரும்ப வந்து அடிச்சேன்னு நெனச்சேன் மாமா."

"அந்த மாமாவும் நானும் ஒண்ணுதான், ஏறு."

"நீ ஏறு. நீ ஏறுனா நானும் ஏறுவேன்."

ஏறினேன். ஏறாமல் இருக்க முடியவில்லை. அவள் என்னை இழுத்துத் தன் பழைய சீட்டில் பக்கத்தில் உட்காரவைத்து, மடியில் பேக்கைப் போட்டுவிட்டு, மூன்று நாள் கதையை டோல்கேட் வரைக்கும் சொன்னாள். நான் வண்டியில் இல்லாத நாட்களில் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முன் கண்ணாடியில் ரோடு வருகிறது, பின்னால் பிள்ளைகள் கத்துகிறார்கள், கடல் பக்கமிருந்து கருவாட்டு வாடை அடிக்கிறது. என் வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் என்பது எட்டு நாள் ஆனது. பிள்ளை பழகட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். பழகவிடாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். பையில் புளிப்பு மிட்டாய் வைத்துக்கொண்டு போனேன்.

எட்டாம் நாள், பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. பார்த்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பாட்டு முடியட்டும் என்று சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டேன். பள்ளிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எண்ணூர் வண்டிக்கு டயர் வெடித்து, இருபத்தைந்து பிள்ளைகள் டேங்கர் லாரிகள் ஓடுகிற ரோட்டோரம் அரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். வேறு ரூட்டு வண்டி ஒன்றை அங்கே திருப்பிவிட வேண்டியவன் நான், நான் மடியில் பேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

மத்தியானம் புது டிரைவர் என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைலேர்ந்து நீ வராதண்ணா."

"பாப்பா ஏறாது."

"நீ நிக்கிற வரைக்கும் ஏறாது. அது உன்னியே பாத்துகினு கீது, நான் ஒருத்தன் குந்திகினு கீறதே அதுக்குத் தெரியல. எனக்கும் ஒரு புள்ள கீதுண்ணா. அழுதா நான் பாத்துக்க மாட்டேனா?"

கோபம் வந்தது. நேற்று வந்தவன் எனக்குச் சொல்கிறானே என்று இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாதது இல்லை. நாளைக்கு அவள் ஏறாவிட்டால் அவள் அம்மா சொன்னதைச் செய்துவிடுவாள், அதுவும் எனக்குத் தெரியும். "சரி, அடிக்கிறப்ப நீளத்த இன்னும் கொஞ்சம் இழு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் அறையில் இருந்தேன். சுவரில் ஒரு திரை, அதில் ஒன்பது புள்ளிகள் ஓடும். காசிமேட்டுப் புள்ளி ஆறு ஐம்பதுக்குச் சந்து முனையில் நின்றது. திரையில் சத்தம் வராது. அவன் அடித்திருப்பான். நான் மனசுக்குள் ஓடினேன், லேஸைக் கட்டிவிட்டேன், கையைப் பிடித்தேன். புள்ளி நகரவில்லை. ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு ஆனது. போய்விடாதே என்று அவனிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. மூன்றாவது நிமிஷம் புள்ளி நகர்ந்தது.

ஆயாவுக்குப் போன் போட்டேன்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாண்ணா. மொதல்ல கொஞ்ச நேரம் அழுதுகினு நின்னுச்சு. அவர் எறங்கிப் போயி இன்னாவோ சொன்னாரு, ஏறிக்கிச்சு."

"எங்க குந்திகினு கீது?"

"அதே சீட்டுதான். அவர்கிட்ட பேசிகினே வருது. நேத்து வூட்ல வஞ்சிரம் கொழம்பாம்."

வஞ்சிரம் என்றால் அப்பா கரைக்கு வந்திருப்பான். நேற்று வரைக்கும் இது எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

"என்னப் பத்திக் கேட்டாளா?" என்றேன்.

ஆயா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பொம்பளை.

"இல்லியேண்ணா."

நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். நல்லதுதான். அதற்காகத்தான் நான் போகாமல் இருந்தேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, புள்ளி டோல்கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் அழுதேன்.