ஸ்டிக்கர் இல்லாத நீல டிரம்

போன மாதம் ஒரு நீல டிரம் வாங்கப் போனேன். நான் செய்த காரியம் அவ்வளவுதான். ஆனால் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யார் மீது கோபம்? சொல்கிறேன்... என்னையும் சேர்த்துத்தான்.

மும்பையில் எங்கள் மாட்டுங்கா பில்டிங்கில் இப்போதெல்லாம் காலையில் நாற்பது நிமிஷம்தான் தண்ணீர். மூன்றாவது மாடிக்கு ஏறி வருவதற்குள் அதிலும் பாதி போய்விடும். பக்கெட், அண்டா, குக்கர் என்று எல்லாவற்றிலும் பிடித்தாகிவிட்டது. ஒருநாள் காபி ஃபில்டரைக்கூட விட்டு வைக்கவில்லை. எதிர் ஃபிளாட்காரர்கள் மட்டும் ஒரு பெரிய நீல டிரம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். தாராவியில் சுலைமான் பாய் பட்டறையில் என்றார்கள்.

போனேன். சுலைமான் பாய் கடையநல்லூர்க்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனிகள் கழித்துப் போடும் டிரம்களை புரோக்கரிடம் எடுத்து, கழுவி, விற்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம், மேலே தகரம், சுற்றிலும் நீல டிரம்கள். ஒரு டிரம்மைக் காட்டி எனக்கு எப்படி வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னேன்.

"பளிச்சுன்னு இருக்கணும் பாய். ஸ்டிக்கர் ஒட்டின அடையாளம்கூடத் தெரியக்கூடாது. சமையல் ரூம்ல வைக்கப்போறேன்."

"ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, ரெடியா வச்சிருக்கேன்" என்றார்.

நான் சொன்ன வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மறக்கப்போவதில்லை.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் போனபோது பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது கை ஒரு பக்கெட் தண்ணீருக்குள் இருந்தது. முகமெல்லாம் வேர்வை. என்ன ஆச்சு என்று கேட்டேன். காலையில் என் டிரம்மைக் கழுவினாராம். அடியில் கொஞ்சம் தண்ணீர் மாதிரி நின்றிருக்கிறது. துணியை வைத்துத் துடைத்து எடுத்திருக்கிறார், வெறும் கையால். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விரலுக்குள்ளே கடுக்க ஆரம்பித்திருக்கிறது.

கையை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். கொப்புளம் இல்லை, காயம் இல்லை. விரல் நுனிகள் மட்டும் வெளுத்துப் போய் இருந்தன. சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார். சொல்லும்போதே பல்லைக் கடித்துக்கொண்டார். இழுக்காத குறையாக அவரை டாக்ஸியில் ஏற்றினேன்.

டாக்ஸியில் அவர் தன் போனை என்னிடம் நீட்டி, தங்கச்சி மகள் மெஹருக்கு அடிக்கச் சொன்னார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த பெண், செம்பூர் தாண்டி ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை, அவளுக்குத் தெரியாத கெமிக்கல் கிடையாது என்று அந்த வலியிலும் பெருமையாகச் சொன்னார். அடித்தேன். நடந்ததைச் சொன்னேன். சீத்தா கேம்ப் வீட்டிலிருந்து உடனே கிளம்புவதாகச் சொன்னாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், டிரம்ல லேபிள் இருக்கா?"

இருக்கக்கூடாது என்று ஆர்டர் கொடுத்தவளே நான்தானே?

தாராவிக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் மராத்தி டாக்டர். நல்ல மனிதர். அவரும் முதலில் கேட்டது அதுதான், இந்தியில் — என்ன கெமிக்கல்? பாய்க்குத் தெரிந்த பதிலைச் சொன்னார். நீல டிரம், கம்பெனி டிரம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். எல்லா கெமிக்கலுக்கும் ஒரே மருந்து கிடையாது. என்னவென்று தெரியாமல் கை வைத்தால் தப்பாகப் போகலாம். தெரிந்துகொள்ள நேரம் ஆக ஆக விரல்களுக்குத்தான் ஆபத்து.

லேபிளில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று நான் பாயிடம் கேட்டேன். மேல் பாதி டிரம் வரும்போதே இல்லையாம். கம்பெனியிலேயே சுரண்டித்தான் அனுப்புவார்களாம். அடியில் மட்டும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்ததாம். எனக்காக அதையும் எடுக்கப் போகும்போதுதான் கை வலித்து, விட்டுவிட்டாராம்.

ஓடினேன். அறுபது வயதில் தாராவிச் சந்துக்குள் செருப்பு அறுந்துபோக ஓடியது அதுதான் முதல் தடவை. டிரம்மின் அடிப்பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டு இருந்தது. அதில் இங்கிலீஷில் இரண்டே வரி: அவசரத்துக்கு அழைக்கவும், இருபத்துநாலு மணி நேரமும். கீழே ஒரு டெலிபோன் நம்பர். மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

டாக்டரின் முகம் தெளிந்தது. ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பரை அடித்தார். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. கட் ஆனது. மறுபடி அடித்தார். கட்டிலில் பாய் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அடிக்கும்போது ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். மெஹர். நேராக டாக்டர் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், அதுல யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள் இந்தியில். "அது என் டேபிள் போன்."

ஞாயிற்றுக்கிழமை. பூட்டிய ஆபீஸ். அதில் ஒரு காலி நாற்காலிக்கு முன்னால் அந்த போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் அதற்கப்புறம் அந்தப் பெண் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. அவள் கம்பெனியில் நீல டிரம்மில் போவது மூன்றே சரக்குகள். இரண்டு பட்டவுடனே எரியும். மூன்றாவது, கண்ணாடியையே அரிக்கிற ஒரு ஆசிட். வீரியம் குறைந்திருந்தால் மேலே ஒன்றும் காட்டாமல் உள்ளே இறங்கி, சில மணி நேரம் கழித்து எலும்பு வரைக்கும் போய்க் கடிக்கும். காலையில் பட்டது, மத்தியானம் வலிக்கிறது, அப்படியென்றால் அதுதான் என்றாள். கால்சியம் களிம்பு வேண்டும் என்றாள். டாக்டருக்குப் பெயர் கிடைத்ததே போதுமாயிருந்தது. ரெடிமேட் களிம்பு ஸ்டாக்கில் இல்லை. கால்சியம் ஊசி மருந்தை ஜெல்லில் கலந்து, ஒரு ரப்பர் கையுறைக்குள் நிரப்பி, பாயின் கையை அதற்குள் விட்டார். ஒரு மணி நேரத்தில் பாய் பல்லைக் கடிப்பதை நிறுத்தினார்.

விரல்கள் பிழைத்தன. ஆள்காட்டி விரலின் நகம் போய்விட்டது, நுனியில் உணர்ச்சி இல்லை. இன்னும் தாமதமாக வந்திருந்தால் விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர்.

நான் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீங்க சொல்லலைன்னாலும் கிழிச்சிருப்பேன்மா. லேபிள் இருந்தா டிரம்ம எவன் வாங்குவான்?"

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதன் பிறகு மெஹர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் வேலை என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பாதுகாப்புத் தாள் தயார் செய்கிறாள். எது விஷம், எவ்வளவு விஷம், கையில் பட்டால் என்ன, கண்ணில் பட்டால் என்ன... பதினாறு தலைப்பு. வருஷத்துக்கு ஒரு முறை, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எங்கே போனது என்று அரசாங்கத்துக்குக் கணக்கு அனுப்புகிறாள்; அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். ஊருக்குள் விஷம் வராமல் தடுப்பதற்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் அவள்.

சரி, அவசர நம்பர் எப்படி அவள் மேஜைக்கு வந்தது?

சட்டப்படி ஒரு நம்பர் போட வேண்டுமாம். கேட் செக்யூரிட்டிக்காரர்கள், அந்த வேலை எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். சேஃப்டி ஆபீசர் தன் மொபைல் நம்பரைத் தரமாட்டேன் என்றார். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் போடச் செலவாகும் என்றார் மேனேஜர். பிறகு அவரே வழி சொன்னார். இப்போதைக்கு மெஹர் டேபிள் நம்பரைப் போடுங்கள். அந்த 'இப்போதைக்கு' மூன்று வருஷமாக ஓடுகிறது. இருபத்துநாலு மணி நேரமாம்! அவள் ஆறு மணிக்கு ரயில் பிடிக்கிறவள்.

தமிழிலும் இந்தியிலும் படம் போட்டு ஒரு பெரிய லேபிள் அவளே வரைந்து கொடுத்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத மாமாவிடம் காட்டி, அவருக்குப் புரிகிறதா என்று பார்த்துத் திருத்தியிருக்கிறாள். கம்பெனி லோகோவுக்கு இடம் போதாது என்று அதைத் தள்ளிவிட்டார்கள். டிரம் காலியாகித் திரும்பி வந்ததும் மூன்று முறை கழுவி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்கு ஆள் இல்லை. ஆனால் கேட்டில் பிளேடு வைத்துக்கொண்டு லேபிளைச் சுரண்ட இரண்டு பேர் இருக்கிறார்கள்! கம்பெனி பெயர் வெளியே போகக்கூடாதாம். உள்ளே இருக்கிற விஷம் மட்டும் தாராளமாகப் போகலாம்.

"இந்த டிரம்மைப் பத்தி ரிட்டர்ன்ல என்ன எழுதுவே?" என்று கேட்டேன்.

"கழுவி, சுத்தம் செய்து அனுப்பப்பட்டதுன்னு. புரொடக்‌ஷன்லேர்ந்து அப்படித்தான் ஷீட் வரும். நான் டைப் பண்ணுவேன்." பிறகு சொன்னாள்: "மாமா கையைத்தான் மேடம் நான் டைப் பண்ணியிருக்கேன்."

இந்தத் தடவை அவள் டைப் பண்ணவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே, திங்கட்கிழமை காலையில், மேனேஜர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்: அது நம் டிரம் என்பதற்கு என்ன ஆதாரம்? பெயர் இருக்கிறதா, லோகோ இருக்கிறதா? அவரே சுரண்டச் சொன்ன பெயர்! நான் எடுத்த போட்டோவைக் காட்டினாள். நம்பரை யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றார். நீ போய் ரிட்டர்னை முடி என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். அது தெரிந்தேதான் சொன்னாள்.

இரண்டு நாளில் அவளுக்கு மெமோ வந்தது. எனக்கு அதைக் காட்டினாள். அதன் சாரம் இது: நமது டிரம்மின் லேபிளில் அச்சிட்டுள்ள அவசர எண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த அழைப்புகளை நீங்கள் எடுக்கவில்லை. இந்த அலட்சியத்துக்கு ஏன் உங்கள் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது?

எப்படி இருக்கிறது? டிரம்மைக் கழுவாதவன் மீது மெமோ இல்லை. லேபிளைச் சுரண்டச் சொன்னவன் மீது மெமோ இல்லை. லீவு நாளில் மாமாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள் அதே நேரத்தில் ஆபீஸ் போனை எடுக்கவில்லை என்று மெமோ! வாய்க்கு வந்தபடி திட்டினேன். மெஹர் நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு மெமோவின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"நமது டிரம்மின்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, மேடம். சீல் வச்சு."

திட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி படித்தேன். ஆமாம். திங்கட்கிழமை எங்கள் டிரம்மே இல்லை என்றவர்கள், ஒரு பெண்ணை மாட்டிவிடும் அவசரத்தில், லெட்டர்ஹெட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த மெமோவின் நகல், டாக்டரின் சீட்டு, என் போட்டோ, சாட்சி என்று என் கையெழுத்து — எல்லாவற்றையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கி வந்துவிட்டோம். என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியவில்லை. செய்யும் வரை நான் விடப்போவதில்லை.

டிரம்? அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர் ஃபிளாட்காரர்களிடமும் விஷயத்தைச் சொன்னேன். எங்களுடையது பளிச்சென்றுதானே இருக்கிறது என்றார்கள். உங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதா? அதில் முன்னால் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

கம்பெனியில் மெஹரை விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. ஆனால் டிரம்கள் தினமும் போகின்றன, அதே நம்பரோடு.

நேற்று, வேலை நாள்தான், காலை பதினொரு மணிக்கு அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன்... ரிங் போய்க்கொண்டே இருந்தது.